முதலில் வரவு இடாப்பைக் கேளுங்கள்

கல்விச் சீர்திருத்தம் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கடைசியாக ஒரு வகுப்பின் வரவு இடாப்பை, பிள்ளைகள் வந்த நாளும் வராத நாளும் பதிகிற கொப்பியை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தது எப்போது? அநேகமாகப் பதில் வராது. தேர்ச்சி மட்டம், பாடத்திட்டம், கட்டிடம், ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் தெரிந்தவர்களாக இருப்பார்கள், ஆனால் அந்த ஓரம் மடிந்த, நீல மையும் சிவப்பு மையும் கலந்த நீளக் கொப்பியைத் தொட்டிருக்க மாட்டார்கள். தொண்டராசிரியையாகத் தொடங்கி, நியமனம் கிடைத்து, பிறகு ஆரம்பக் கல்விக்கு ஆசிரிய ஆலோசகராகக் கல்வி வலயம் முழுக்க மோட்டார் சைக்கிளில் திரிந்து, ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் இருக்க ஏலாமல் இளைஞர் கழகங்களோடு ஓடித்திரிகிற எனக்கு, போய் வந்த பட்டறைகளைவிட அந்தக் கொப்பிதான் அதிகம் சொல்லித் தந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். ஒழுங்கு வரிசையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள், 1814 இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கியது, 1873 இல் கத்தோலிக்கர் தொடங்கிய புனித மிக்கேல், 1929 இல் விபுலானந்தர் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்தா, எல்லாம் நகரத்திலும் எழுவான்கரையிலும்தான். படுவான்கரைப் பிள்ளை அங்கே படிக்க வேண்டுமென்றால் வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்க இடம் வேண்டும். இராமகிருஷ்ண மிஷன் பள்ளியோடு மாணவர் இல்லமும் நடத்தியது. பரிசளிப்பு விழாவில் விபுலானந்தரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் அந்த இல்லத்தைப் பற்றி ஒரு வசனம்கூடச் சொல்வதில்லை.

மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகிறவர்கள் பாதையில்தான் போனோம். ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறுகிற மிதவை அது. மண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் குருமண்வெளித் துறையில் காத்து நிற்பார்கள். காலை 7.30க்குத் தொடங்க வேண்டிய பள்ளி, பாதை அக்கரை சேர்ந்து ஆசிரியர் வந்தால்தான் தொடங்கும். பின்னேரப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்று கடைசிப் பாடம் அரைகுறையாக முடியும். அந்த நாட்களில் எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகளில் வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று நுணுக்கமாக அட்டவணை இருக்கும். பாதை எத்தனை மணிக்கு என்பது ஒன்றிலும் இராது.

சரி, இடாப்புக்கு வருகிறேன். மாத முடிவில் கூட்டி எழுதுகிற வீதத்தை நம்பாதீர்கள். 85 வீதம் வரவு என்று வலயத்துக்கு அறிக்கை போகும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருபத்தைந்து பேர் ஒரு நாளும் தவறாமல் வந்து, மீதி ஐந்து பேர் அநேகமாக வராமலே விட்டாலும் அந்த எண்தான் வரும். முப்பது பேரும் மாதத்தில் ஆளுக்கு மூன்று நாள் வராமல் விட்டாலும் அதே எண்தான் வரும். காய்ச்சல் ஒன்றுதான், நோய் வேறு. அதனால் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு ஒரு பிள்ளையின் வரிசையை நீளத்துக்குப் பாருங்கள். பிறகு கிழமை நாட்களைப் பாருங்கள், வராத பிள்ளைக்குப் போடுகிற சுழியம் எந்த நாளில் குவிகிறது என்று.

படுவான்கரைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் தரத்து இடாப்பை அதிபரின் மேசையில் விரித்து வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தது நல்ல நினைவிருக்கிறது. பொடியன்கள் நாலைந்து பேருக்கு மாசி மாத நடுவிலிருந்து சுழியம் தொடர்ச்சியாக ஓடியது, பெரும்போக அறுவடை. பெண் பிள்ளைகள் பலருக்கு மாதம் ஒருமுறை மூன்று நாலு சுழியம் சேர்ந்து வந்தது, ஏறக்குறைய ஒரே இடைவெளியில். புதன்கிழமைகளில் மட்டும் வேறொரு கூட்டம் வரவில்லை, அதிலும் வீட்டில் மூத்த பெண் பிள்ளைகள். வகுப்பாசிரியருக்கு இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும், கேட்டால் சொல்வார். ஆனால் அவர் வருட முடிவில் எழுதியிருந்த காரணம் ஒன்றே ஒன்று: "பெற்றோரின் அக்கறையின்மை".

அந்தச் சொற்றொடரை எங்கே கண்டாலும் எனக்கு எரிச்சல் வரும். அக்கறையின்மை என்று எழுதிவிட்டால் பள்ளி செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

மாதம் மூன்று நாள் வராத பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை என்று ஆண் அதிபரால் கேட்க முடியாது, பிள்ளைகளும் சொல்லமாட்டார்கள். பெண் ஆசிரியை ஒருவர் மலசலகூடத்துக்குள் போய்ப் பார்த்தால் போதும். கதவுக்கு உள்கொண்டி இல்லை, தண்ணீர் கிணற்றிலிருந்து அள்ளிக்கொண்டு மைதானத்தைக் கடந்து எல்லோரும் பார்க்கக் கொண்டுபோக வேண்டும், பாவித்ததைப் போட ஒரு வாளி இல்லை. கொண்டி, வாளி, தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு குழாய். இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசில் முடியும் வேலை. 2024 இல் அரசாங்கம் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் வாங்க வவுச்சர் கொடுக்கத் தொடங்கியபோது நல்லது என்று சந்தோஷப்பட்டேன், ஆனால் கொண்டியில்லாத கதவுக்கு வவுச்சர் பதில் இல்லை.

புதன்கிழமை விஷயம் நுண்கடன். அந்தக் கிராமத்தில் அது குழுக்கடன் கட்டும் நாள். தாய்மார் காலையில் கூட்டத்துக்குப் போய் இருக்க வேண்டும், காசு குறைந்தால் குழுவில் மற்றவர்கள் போடும்வரை எழும்ப விடமாட்டார்கள், சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது? மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்கும். கடனை ஒழிக்க எங்களால் முடியவில்லை. ஆனால் முன்பள்ளி ஆசிரியையிடம் பேசி, புதன்கிழமைகளில் குழந்தைகளைக் கொஞ்சம் நேரத்தோடு எடுத்துக்கொள்ளச் செய்ய முடிந்தது. அவ்வளவுதான் செய்தோம், மூத்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

அறுவடைதான் கஷ்டமானது. வெட்டும் மெசின் வந்த பிறகு அரிவாளுக்கு ஆள் தேவை குறைந்தது, ஆனால் இரவுக் காவலுக்கும் மாட்டுக்கும் பொடியன்கள் தேவை. யானை வருகிற வட்டையில், அதாவது வயல்வெளியில், தகப்பன் தனியே பரணில் படுக்க முடியாது. இதை நிறுத்தப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். எனக்குப் பல வருடம் பார்த்த பிறகு பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு: பிள்ளை போகிற அன்று இடைவிலகுவதில்லை, திரும்பி வருகிற அன்றுதான் இடைவிலகுகிறது. மூன்று கிழமை கழித்து வெயிலில் கறுத்துப் போய் வகுப்பு வாசலில் நிற்கிறான். "வாங்கோ முதலாளி, இப்பதான் வழி தெரிஞ்சதோ" என்று ஆசிரியர் ஒரு பகிடி விடுவார், வகுப்பு சிரிக்கும். கணிதத்தில் இரண்டு அலகு முடிந்திருக்கும். அடுத்த நாளும் வருவான், அதற்கடுத்த நாள் வரமாட்டான். ஆசிரியர் கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் பகிடி விட்டார். ஆனால் இடாப்பைப் பாருங்கள்: நீண்ட சுழியத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வந்து, பிறகு முழுச் சுழியம். இந்த வடிவம் திரும்பத் திரும்ப வரும்.

அதனால் நாங்கள் சில பள்ளிகளில் திரும்பி வருகிற பிள்ளைக்கு ஒரு கிழமையைத் தனியே ஒதுக்கினோம். காலைக் கூட்டத்தில் பேச்சு இல்லை, காரணம் கேட்பது தனியே, அதுவும் இரண்டாம் நாள். பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை இருத்துவது. விட்டுப்போன எல்லாவற்றையும் எழுதச் சொல்லாமல், கணிதத்தில் மட்டும், அடுத்த அலகு விளங்குவதற்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் ஒரே தாளில் கொடுப்பது. முழுக் கொப்பியையும் பார்த்து எழுதச் சொன்னால் அவன் மாட்டிடமே போய்விடுவான், அது எவ்வளவோ மேல் என்று. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனாலேயே இதைத் திட்டமாக எழுதிக் கொடுத்தால் எந்த நிதி வழங்குநரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு ஓட்டை ஐந்தாம் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையில். ஐந்தாம் தரம்வரை உள்ள சின்னப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளை ஆறாம் தரத்துக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும், அது சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பிள்ளையின் பெயர் ஒரு இடாப்பில் முடிகிறது, மற்ற இடாப்பில் தொடங்கவே இல்லை. இரண்டு அதிபருக்கும் இது தெரியாது, ஏனென்றால் ஆளுக்கு ஒரு கொப்பிதான் இருக்கிறது. முதலாமவர் விடுகைப் பத்திரம் கொடுத்தாயிற்று என்று இருப்பார், இரண்டாமவருக்கு அப்படி ஒரு பிள்ளை உண்டென்றே தெரியாது. புதிய வருடம் தொடங்கி இரண்டாம் மூன்றாம் கிழமையில் இந்த இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பெயர்களைச் சரிபாருங்கள். நான் செய்த வேலைகளில் இதைவிடச் சலிப்பானது வேறில்லை, இதைவிடப் பலன் தந்ததும் வேறில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஒழுங்குவிதி வந்து 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வியானது, 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. வரவுக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதிபர், கிராம சேவகர், சமூகத்தில் சிலர் என்று. பல இடங்களில் அந்தக் குழு ஒரு ஃபைல்தான். நடக்கிற இடத்திலும் முதல் வேலையாகப் பெற்றோருக்குக் கடிதம் போகும், "சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்" என்று. அந்தக் கடிதம் யாருடைய கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

ஒரு வீட்டுக்குக் கோட்டக் கல்வி அலுவலகத்து ஆளோடும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடும் போனேன். எட்டாம் தரத்துப் பொடியன். தாய் குவைத்தில், தகப்பன் வேறு குடும்பம். அம்மம்மா கடிதத்தை அரிசிப் பானைக்கு மேலே சொருகி வைத்திருந்தார், வாசிக்கத் தெரியாது. என்னைக் கண்டதும் பாயை விரித்துவிட்டுச் சொன்னார்: "என்ன மகள் செய்யிற, தாய்க்காரி வெளிநாட்டில, நான் ஏலாத மனிசி. மாட்டுக்குப் போனா பட்டிக்காரன் கையில காசு குடுக்கான். மறுகா பள்ளிக்குப் போனா ஆரு என்ன குடுக்கிற?" இந்தக் கேள்விக்குக் கல்வியின் பெருமையைப் பேசி விடை சொல்ல வெளிக்கிட்டால் கதை முடிந்தது. நான் பட்டிக்காரரின், அந்த மாட்டுப் பட்டியின் சொந்தக்காரரின், பெயரைக் கேட்டேன். அவரிடம் போனோம். பால் கறக்கிற வேலை விடியப்புறம், மாட்டைச் சாய்க்கிற வேலை பின்னேரம்; நடுவில் பள்ளி நேரம். மத்தியான மேய்ச்சலுக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறேன், காசைக் கொஞ்சம் குறைப்பேன் என்றார். குறைந்த காசைத் தாய் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு வட்ஸ்அப்பில் தாயோடு பேசினோம். தாய் அழுதுவிட்டு, "நான் அனுப்பிற காசில கட்டுறன் ரீச்சர், அவனப் படிக்கச் சொல்லுங்க" என்றார். பொடியன் பதினோராம் தரத்து முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை எடுத்தான், கணிதம் சரிவரவில்லை, பிறகு வெல்டிங் படித்தான். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ ஆகவில்லை, ஆனதாக எழுதினால் கதை அழகாக இருக்கும்தான்.

தொழிற்கல்வி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண தரத்தில் கணிதம் விட்ட பிள்ளைக்கு வாழ்க்கை முடிந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் நினைக்கிறார்கள். தேசிய தொழில் தகைமை, எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டம்வரை போகிறது. 4 எடுத்தவர் 5, 6 என்று டிப்ளோமாவுக்குப் போகலாம், 7 பட்டத்துக்குச் சமம். 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளையும் பள்ளியிலேயே தொழிற்பாடப் பிரிவில் தொடரலாம். இதை எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் ஒழுங்காக விளங்கப்படுத்திக் கேட்டதில்லை. பெறுபேறு வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது, தோற்றவனுக்குத் தருகிற ஆறுதல் பரிசுபோலப் போய்விடும். ஒன்பதாம் தரத்திலேயே சொல்ல வேண்டும், அதுவும் ஏற்கெனவே படித்து வேலை செய்கிற ஊர்ப் பொடியனைக் கூட்டிவந்து, சம்பளச் சீட்டோடு.

1999 ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நினைவிருக்கிறதா? ஒரு வருடம் முன்னே கம்பகா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு நாடு முழுக்க முதலாம் தரத்தில் தொடங்கினார்கள். விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று. அந்த நாளில் எதிர்த்தவர்கள் பலர், நான் இன்றும் அதை நல்ல சீர்திருத்தம் என்றே சொல்வேன். பிள்ளையைத் தரையிலிருந்து எழுப்பி நடமாட விட்டதே பெரிய காரியம். எங்கள் பக்கத்தில் அது தடுக்கியது வேறிடத்தில். அரைச்சுவர்க் கட்டிடத்தில் காட்சிப்படுத்தச் சுவர் இல்லை, ஒரே ஆசிரியர் மூன்று தரத்தைச் சேர்த்து எடுக்கிறார், அவருக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்தியாவசியத் தேர்ச்சிகளைப் பதிகிற தாள்கள் வேறு. பதிவுகள் அழகாக நிரம்பின. பிள்ளைகளில் பலருக்கு வாசிப்பு வரவில்லை.

வாசிப்பைச் சோதிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. மூன்றாம் தரத்துப் பிள்ளையிடம் பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், அதை மனப்பாடமாகச் சொல்லும், விரல் வேறு வரியில் இருக்கும். பழைய பத்திரிகையின் விளம்பரமோ பிஸ்கட் பெட்டியோ கொடுங்கள். எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறதா என்று கேளுங்கள். மறந்துபோனால் அந்தப் பிள்ளைக்குச் சுற்றாடலும் கணிதமும்கூட ஏறாது, வசனக் கணக்கை வாசிக்க வேண்டுமே. இதற்கு நாங்கள் செய்தது, காலையில் ஒரு மணி நேரம் தரத்தைப் பாராமல் வாசிப்பு மட்டத்தால் பிள்ளைகளைப் பிரித்து இருத்தியது. ஐந்தாம் தரத்துப் பிள்ளையும் இரண்டாம் தரத்துப் பிள்ளையும் ஒரே கூட்டத்தில். வெட்கப்படும் என்று பயந்தோம். மற்ற ஆசிரியர்கள்தான் வெட்கப்பட்டார்கள், பிள்ளைகள் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள். இந்தியாவில் பிரதம் என்கிற அமைப்பு இதையே பெரிய அளவில் செய்திருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கூட்டு வகுப்பு எடுக்கிற சின்னப் பள்ளிக்கு இது இன்னும் லேசு, ஏனென்றால் அங்கே எப்படியும் எல்லோரும் ஒரே அறையில்தான்.

பட்டியல்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் அம்பாறையில் காரைதீவு, திருக்கோவில் பக்கமும் ஆளுக்கொரு நிறுவனம் வந்து பிள்ளைகளின் பெயர், வயது, புகைப்படம், தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதே காலத்தில்தான் ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வயதும் வீடும் எழுதிய தாள் அந்த நேரத்தில் எவ்வளவு ஆபத்தான சாமான் என்று படுவான்கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2006, 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைத் தற்காலிகக் கொட்டில்களில் வைத்துப் படிப்பித்தபோது, வகுப்புக்குத் தேவையானதற்கு மேல் ஒரு விவரமும் எழுதுவதில்லை என்று நாங்கள் சில ஆசிரியர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இன்று காலம் மாறிவிட்டது, ஆனால் உதவி கொடுக்கிறோம் என்று பிள்ளையின் கையில் புத்தகப் பையைக் கொடுத்து முகநூலில் படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். இடாப்பை வாசியுங்கள், ஆனால் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை என்கிற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மாவட்டக் கணக்கில் ஆள் போதும் என்று வரும், அதிகஷ்டப் பிரதேசத்துப் பள்ளியில் கணிதத்துக்கு ஆளே இராது. பள்ளியின் ஆளணிப் பட்டியலில் ஆசிரியரின் பெயர் இருக்கும், சம்பளம் அந்தப் பள்ளியின் பெயரில் போகும், ஆள் "தற்காலிக இணைப்பில்" நகரத்தில் இருப்பார், அந்தத் தற்காலிகம் வருடக்கணக்காக நீளும். இதை மேடையில் கத்தினால் ஒன்றும் நடக்காது, நானும் கத்தியிருக்கிறேன். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பெற்றோர் எழுதிக் கேட்கலாம்: இந்தப் பள்ளியின் அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, பாடவாரியாக யார் இருக்க வேண்டும், இன்று இணைப்பில் வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர். பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் இப்படி ஒரு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது, பதில் வருவதற்கு முன்பே கணித ஆசிரியர் வந்து சேர்ந்தார். ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு யானைக் காட்டு வழியே போய்வரச் சொன்னால் யார்தான் இணைப்புக் கேட்கமாட்டார்கள்? ஆசிரியர் விடுதி இல்லாத ஊருக்கு ஆசிரியர் நிலைக்கமாட்டார்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதை வைத்து எங்கள் மாவட்டத்துக்கு நியாயம் கிடைக்கிறது என்பார்கள், கிடைக்கிறதுதான். ஆனால் மாவட்டத்துக்குள்ளே நகரத்துப் பிள்ளையும் படுவான்கரையின் வெல்லாவெளிப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். நகரத்துப் பிள்ளை மூன்று ரியூட்டரிக்குப் போகும். வெல்லாவெளிப் பிள்ளைக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கே ஊரைவிட்டுப் போக வேண்டும். மாவட்டம் என்கிற அலகுக்குள் நடக்கிற அநியாயத்தைப் பற்றி எங்கள் ஆட்களே அதிகம் பேசுவதில்லை, பேசுகிற இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் குடியிருப்பவர்கள் என்பதால் இருக்கலாம்.

இனி இளைஞர் விஷயம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, கிராமம்தோறும் கழகங்கள் பதிவில் இருக்கின்றன. 2014 இன் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயதுவரை உள்ளவர்களைக் கணக்கெடுக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கூட்டங்களில் இளைஞருக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள் தெரிந்தவைதானே: கதிரை அடுக்குவது, வரவேற்பு நடனம், விளக்கேற்றத் தட்டுப் பிடிப்பது, தேநீர் பரிமாறுவது. கடைசியில் "இளைஞர்களே நாளைய தலைவர்கள்" என்று கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் பேசுவார். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுவில் 25 வீதம் இளைஞர் இருக்க வேண்டும் என்று ஆனதும் கட்சிக்காரர் கழகங்களைத் தேடி வந்தார்கள், பிறப்புச் சான்றிதழோடு ஒரு பெயர் வேண்டும் என்று. போட்டியிடப் போன பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: ஊர்வலத்துக்கு யார் காசு போடுகிறார்கள் என்று முதலே கேட்டு எழுதி வையுங்கள்.

கழகத்தில் இரண்டு வேலைகளைப் பெரியவர்களிடமிருந்து பறித்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கு வைப்பது. குறிப்பு எழுதுகிறவர்தான் என்ன முடிவானது என்பதைத் தீர்மானிக்கிறார். இது தெரிந்த பெரியவர்கள் அந்தப் பேனையை இலேசில் விடமாட்டார்கள். கணக்கு வைக்கிற பிள்ளை ஒரு வருடத்தில் பற்றுச்சீட்டு, கேள்விப்பத்திரம், வங்கி என்று பழகிவிடும், பிறகு அதை மேடையில் ஏற்றிப் பேசப் பழக்க வேண்டிய தேவையே வராது. இன்னொன்று, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் சேர்த்து நல்லிணக்கம் என்று ஒருநாள் நிகழ்ச்சி வைத்தால் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். காத்தான்குடிப் பிள்ளைகளும் ஆரையம்பதிப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ரியூசனுக்குப் போகிறவர்கள், பஸ் நேரம் இரண்டு பேருக்கும் பிரச்சினை. அப்படியான ஒன்றைக் கையில் எடுத்தால் அவர்களே ஒட்டிக்கொள்வார்கள்.

பஸ் என்றதும் படுவான்கரைப் பிள்ளைகள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஆறாம் தரத்துக்கு மேல் வேறு ஊருக்குப் போய்ப் படிக்கிற பிள்ளைகள், காலை பஸ் அவர்களின் சந்தியைக் கடக்கிற நேரம் பள்ளி மணிக்கு மிக நெருக்கமாக இருந்ததால் தினமும் பிந்திப் போய் வாசலில் நின்றார்கள். அந்த வருடத்து இடாப்பில் காலையில் சுழியம் போட்டு, பிறகு திருத்திய அடையாளங்கள் நிறைய. பெரியவர்கள் பல தடவை டிப்போவில் வாயால் சொல்லியிருந்தார்கள். கழகத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பெண் பிள்ளைகள், மூன்று பள்ளிகளின் அதிபர்களிடம் போய் எந்தச் சந்தியில் எத்தனை பிள்ளைகள், எந்தத் தரம் என்று எண்ணிக்கை மட்டும் எடுத்தார்கள். கடிதத்தில் ஒரு கோரிக்கை மட்டும்: பஸ்ஸை 25 நிமிடம் முந்தி எடுங்கள். வீதி வெளிச்சம், கிணறு, மைதானம் எல்லாவற்றையும் அதே கடிதத்தில் சேர்க்கச் சொன்ன பெரியவர்களை நான்தான் தடுத்தேன். ஐந்து கோரிக்கை உள்ள கடிதத்தில் அதிகாரி தனக்கு வசதியான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு ஃபைலை மூடிவிடுவார். கடிதம் ஒரே ஆளின் பெயருக்கு, பிரதி பிரதேச செயலாளருக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கையில் இருக்கிற இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வரக்கூடாது.

பதில் வரவில்லை. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் போடச் செய்தார்கள், அங்கே டிப்போவிலிருந்து வந்தவர் அப்படி ஒரு கடிதமே கிடைக்கவில்லை என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இந்தாங்க" என்று முத்திரை குத்திய பிரதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தது. கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை, சண்டை இல்லை. அடுத்த தவணையிலிருந்து பஸ் முந்தி வந்தது. சனிக்கிழமை மேலதிக வகுப்புக்கு இன்னும் பஸ் இல்லை, அதற்கான எண்ணிக்கையை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் தரத்து இடாப்பைக் காட்ட ஓர் அதிபர் மறுக்கிறார், அதில்தான் இந்தக் கிழமை இழுபறி.